ஆர்ச் லினக்ஸுக்கு மாறுமுன்: எந்தெந்த முடிவுகள் உங்கள் கைக்கு வருகின்றன?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இல்லாத கணினிகளையும், இன்டெலின் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசசர்களையும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாத பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் உபுண்டு, மின்ட் போன்ற எளிய லினக்ஸ் வகைகளைத் தாண்டி, நேராக ஆர்ச் லினக்ஸைப் பற்றியே விசாரிக்கிறார்கள். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் கருவி 2022-ல் ஆர்ச்சை அடித்தளமாகக் கொண்டு வெளிவந்ததும் இந்த ஆர்வத்துக்கு ஒரு காரணம்.

ஆனால் விசாரிப்பவருக்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. "அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம்" என்கிறார் ஒருவர். "இரண்டு வருடம் லினக்ஸ் பழகாமல் தொடாதே" என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் நிறுவும் வேலையைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாமவர் அதற்குப் பிறகு வரும் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பொறுப்பு என்ன, அதற்கு எப்படித் தயாராவது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

"நீங்களே செய்துகொள்ளும்" லினக்ஸ் என்றால் என்ன?

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் ஒரு கெர்னல் மட்டுமே. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் மையப் பகுதி அது. அதோடு கோப்பு அமைப்பு, நெட்வொர்க் மென்பொருள், ஒலி, டெஸ்க்டாப், எழுத்துருக்கள் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு முழுக் கணினி கிடைக்கும். இப்படிச் சேர்த்துத் தரும் தொகுப்பைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம்.

உபுண்டுவோ ஃபெடோராவோ நிறுவும்போது நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். மீதியுள்ள நூற்றுக்கணக்கான முடிவுகளை அந்த டிஸ்ட்ரோவை உருவாக்குபவர்கள் முன்கூட்டியே எடுத்துவைத்திருக்கிறார்கள். ஆர்ச் அந்த முடிவுகளை எடுப்பதில்லை. கெர்னல், ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றும் சிறு நிரல்கள்), அடிப்படைக் கருவிகள் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வரியோடு நிறுத்திக்கொள்கிறது. டெஸ்க்டாப் வேண்டுமா, எது வேண்டும், ஃபயர்வால் வேண்டுமா, புளூடூத் வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் முடிவு.

கனடாவைச் சேர்ந்த ஜட் வினெட் 2002 மார்ச்சில் ஆர்ச்சின் முதல் பதிப்பை வெளியிட்டார். இதே குடும்பத்தில் வேறு சிலவும் உண்டு. 1993-லிருந்து வரும் ஸ்லாக்வேர், மூலநிரலிலிருந்தே எல்லாவற்றையும் கம்பைல் செய்யும் வழக்கமுள்ள ஜென்டூ, வாய்ட், ஒவ்வொரு கருவியையும் கையாலேயே கட்டச் சொல்லும் "லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்" ஆகியவை அவை. இந்தக் கட்டுரை ஆர்ச்சை எடுத்துக்கொள்கிறது. அதன் விக்கி அளவுக்கு விரிவான ஆவணங்கள் இவற்றில் வேறெதற்கும் இல்லை என்பதால், முதல்முறை மாறுபவருக்கு இதுதான் பொருத்தமானது.

மறந்துபோகும் முடிவு ஒன்று

நிறுவும்போது பென்டிரைவிலிருந்து ஓடும் ஆர்ச்சில் இணையம் வேலை செய்யும். அதை நம்பி எல்லாவற்றையும் இறக்கி, டிஸ்க்கில் போட்டு, ரீஸ்டார்ட் செய்வார்கள். புதிய அமைப்பு எழும். ஆனால் வைஃபை இருக்காது. பென்டிரைவில் இருந்த நெட்வொர்க் மென்பொருள் பென்டிரைவுக்கானது. டிஸ்க்கில் உள்ள அமைப்புக்குத் தனியாக ஒன்றை நிறுவ வேண்டும், அது தானாகத் தொடங்கும்படியும் சொல்ல வேண்டும். இணையம் இல்லாததால் இப்போது அதை இறக்கவும் முடியாது.

இது ஆர்ச்சின் பிழை கிடையாது. "நெட்வொர்க் மென்பொருள் வேண்டும்" என்ற முடிவை இதுவரை வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்படி ஒரு முடிவு இருப்பதே நமக்குத் தெரியாமல் இருந்தது. மாறுவதற்கான தயாரிப்பு என்பது பெரும்பாலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதுதான். அதை இப்போது ஓடும் கணினியில் உட்கார்ந்தபடியே தொடங்கலாம்.

முதலில் உங்கள் கணினியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியிலேயே ஒரு ஃபைலில் எழுதிவைத்தால், தேவைப்படும் நேரத்தில் அதைத் திறக்க முடியாமல் போகலாம்.

1. பிராசசர். ஆர்ச் 64-பிட் இன்டெல், ஏஎம்டி வகைகளுக்கு மட்டுமே. 32-பிட் ஆதரவு 2017 நவம்பரில் முடிந்தது.

2. வைஃபை சிப் யாருடையது? இன்டெல் என்றால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. பிராட்காம் என்றால் சில மாடல்களுக்குத் தனி டிரைவர் தேவைப்படும். எதுவானாலும் ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்யும் வழியைக் கைவசம் வைத்திருங்கள். நிறுவும் நேரத்தில் அது பெரும்பாலும் கைகொடுக்கும்.

3. கிராஃபிக்ஸ் கார்டு. என்விடியா என்றால் மாடல் எண்ணையும் எழுதுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

4. டிஸ்க் எந்த முறையில் இயங்குகிறது? சில லேப்டாப்களில் இன்டெலின் ஆர்எஸ்டி என்ற சேமிப்பக முறை இயக்கத்தில் இருக்கும். அப்போது ஆர்ச்சின் கண்ணுக்கு எஸ்எஸ்டி தெரியாமல் போகலாம். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) வழக்கமான ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதை மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகக்கூடும். விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புபவர் அதற்கான வழிமுறையை முன்பே படித்துவிட வேண்டும்.

5. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் என்க்ரிப்ஷன் உரிமையாளருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். ஆர்ச்சின் அதிகாரபூர்வ நிறுவல் படிமம் (பென்டிரைவில் எழுதும் கோப்பு), கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் முறையை ஆதரிக்காது. எனவே பயாஸில் அதை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு விண்டோஸைத் திறந்தால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்குக்குள் நுழைய வழியில்லை என்றால் தரவைத் திறக்க முடியாமல் போகலாம். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் சாவியைத் தாளில் எழுதுங்கள்.

6. இஎஃப்ஐ பார்ட்டிஷனின் அளவு. கணினி எழும்போது முதலில் படிக்கும் சிறு பகுதி இது. விண்டோஸ் வழக்கமாக இதற்கு 100 எம்பி அளவில்தான் ஒதுக்குகிறது. சில பூட்லோடர்கள் (கெர்னலைத் தொடங்கிவைக்கும் நிரல்கள்) லினக்ஸ் கெர்னலையும் இதற்குள்ளேயே வைக்கும். இரண்டு கெர்னல் வைத்தால் இடம் போதாது, அப்டேட் பாதியில் நிற்கும். ஆர்ச் விக்கி 1 ஜிபி பரிந்துரைக்கிறது.

அப்புறம் கடிகாரம். விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தை எழுதும். இரண்டையும் ஒரே கணினியில் வைத்தால் ஒவ்வொரு முறை மாறும்போதும் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதே கணக்குதான். கடிகார பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு எடுத்துப்போக வேண்டாம். விண்டோஸில் ஒரு அமைப்பை மாற்றினால் தீரும்.

எந்த மென்பொருளை விட முடியாது?

ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, லிப்ரெஆஃபிஸ், டெலிகிராம் போன்றவை அப்படியே கிடைக்கும். அடோபியின் ஃபோட்டோஷாப்புக்கும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் டெஸ்க்டாப் பதிப்புக்கும் லினக்ஸ் வடிவம் இல்லை. கெர்னல் மட்டத்தில் கண்காணிக்கும் ஏமாற்றுத் தடுப்பு கொண்ட வாலரன்ட் போன்ற விளையாட்டுகள் ஓடாது. வரித்தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் மென்பொருள் உண்டா என்று அதை விற்றவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தமிழைப் பொறுத்தவரை மூன்று விஷயங்கள். ஒன்று, ஆர்ச்சில் தமிழ் எழுத்துரு தானாக வராது. நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவும் வரை தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். இரண்டு, தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும், அதனுடன் எம்17என் தொகுப்பும் வேண்டும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி ஆகிய விசைப்பலகைகள் அதில் இருக்கின்றன. மூன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு ஃபைல்களையும் விண்டோஸிலிருந்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் நோட்டோ அவற்றுக்கு உதவாது, ஆவணம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

அமைப்பின் மொழியைத் தமிழாக வைக்கலாமா என்ற கேள்வியும் வரும். டெஸ்க்டாப்பில் தாராளமாக வைக்கலாம். ஆனால் டெஸ்க்டாப் எழாதபோது வரும் கறுப்புத் திரைக் கன்சோல் தமிழ் எழுத்துகளைக் காட்டாது. பிழைச் செய்தியைப் படிக்க வேண்டிய நேரத்தில் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதில்லை. அமைப்பு மொத்தத்துக்கும் ஆங்கிலம், உங்கள் டெஸ்க்டாப்புக்கு மட்டும் தமிழ் என்று பிரித்துவைப்பது பாதுகாப்பானது.

தொடர் வெளியீடு: புதுமைக்கு ஒரு விலை உண்டு

டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் வருமே தவிர, மென்பொருள்களின் பதிப்பு பெரிதாக மாறாது. ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. ஒரு மென்பொருள் புதிதாக வந்தால் சில நாட்களில் உங்களுக்கும் வந்துவிடும். இதைத்தான் தொடர் வெளியீடு என்கிறார்கள்.

இதன் விளைவை மூன்று சம்பவங்களில் பார்க்கலாம்.

1. 2022 ஆகஸ்ட், கிரப் பூட்லோடர். அப்டேட் வந்தபோது அதன் அமைப்புக் கோப்பில் ஒரு புதிய கட்டளை வடிவம் சேர்ந்தது. ஆனால் கணினி எழும்போது இயங்கும் கிரப், நிறுவிய நாளில் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் எழுதிய பழைய பிரதி. தொகுப்பு மேலாளர் அதைத் தானாக மாற்றுவதில்லை. புதிய கோப்பைப் பழைய கிரப் படிக்க முயன்றதால் சில கணினிகள் எழவில்லை.

2. 2025 ஜூன், ஃபர்ம்வேர். ஒரே தொகுப்பாக இருந்த ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்தார்கள். என்விடியா கோப்புகளின் அமைப்பும் மாறியது. வழக்கம்போல் அப்டேட் கொடுத்தவர்களுக்கு "இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை வந்து நின்றது. பழைய தொகுப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்லி ஆர்ச் தன் தளத்தில் இரண்டு வரிக் கட்டளை கொடுத்திருந்தது.

3. 2025 டிசம்பர், என்விடியா டிரைவர். 590 வரிசை டிரைவர் பாஸ்கல் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்கும் ஆதரவை நிறுத்தியது. ஜிடிஎக்ஸ் 10 வரிசை வைத்திருப்பவர்கள் கவனிக்காமல் அப்டேட் செய்தால் டெஸ்க்டாப் வராமல் போகும் நிலை. அவர்கள் 580 வரிசையின் பழைய டிரைவருக்கு மாற வேண்டியிருந்தது. கார்டின் மாடலை எழுதிவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கிரப் அறிவிப்பு பலருக்குப் பாதிப்பு தெரிந்த பிறகே வந்தது. மற்ற இரண்டுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது ஆர்ச்சின் செய்திப் பக்கத்தில் தெளிவாக இருந்தது. வாரம் ஒருமுறை அப்டேட் செய்து, அதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்ப்பவருக்கு ஆர்ச் அநேகமாக அமைதியாகவே ஓடும். ஆறு மாதம் தொடாமல் வைத்துவிட்டு ஒரே நாளில் அப்டேட் செய்பவருக்கு அத்தனை மாற்றமும் மொத்தமாக வந்து இறங்கும். எப்போதாவது மட்டும் திறக்கும் இரண்டாவது கணினிக்கு ஆர்ச் பொருந்தாது என்பேன்.

அரைகுறை அப்டேட் ஏன் கூடாது?

ஆர்ச்சின் தொகுப்பு மேலாளருக்குப் பேக்மேன் என்று பெயர். அதில் "பட்டியலைப் புதுப்பி, இந்த ஒரு மென்பொருளை மட்டும் நிறுவு" என்று கட்டளை கொடுக்க முடியும். ஆனால் கொடுக்கக் கூடாது. காரணம், பல மென்பொருள்களுக்கும் பொதுவான நிரல் தொகுப்புகள். இவற்றை நூலகங்கள் (லைப்ரரி) என்பார்கள். நிறைய மென்பொருள்கள் ஒரே நூலகக் கோப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு புதிய மென்பொருளை மட்டும் இறக்கினால், அது தனக்குத் தேவையான நூலகத்தின் புதிய பதிப்பையும் இழுத்துக்கொண்டு வரலாம். பழைய பதிப்பு அழிந்துவிடும். அதை நம்பியிருந்த மற்ற மென்பொருள்கள் திறக்காது. உடைவது பேக்மேனாகவே இருந்தால் அதை வைத்துச் சரிசெய்யவும் முடியாது. எப்போதும் முழு அப்டேட், அதோடு புதிய மென்பொருள். இந்த ஒரு பழக்கம் பாதித் தொல்லைகளைத் தவிர்க்கும்.

ஏயுஆர்: திறந்த சந்தையில் பொருள் வாங்குவது

அதிகாரபூர்வ களஞ்சியத்தில் இல்லாத மென்பொருள்களுக்கு ஏயுஆர் என்ற பயனர் களஞ்சியம் உண்டு. இங்கே இருப்பது பெரும்பாலும் மென்பொருள் கிடையாது. "இதை இங்கிருந்து இறக்கி, இப்படிக் கட்டு" என்று சொல்லும் செய்முறைக் கோப்புதான். அதைக் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் எழுதி ஏற்றலாம்.

2025 ஜூலையில் பிரபல பிரவுசர்களின் பெயரை ஒட்டி மூன்று தொகுப்புகள் ஏயுஆரில் வந்தன. அவற்றின் செய்முறைக் கோப்பு, "பேட்ச்" என்ற பெயரில் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பின் களஞ்சியம் ஒன்றிலிருந்து எதையோ இறக்கியது. வந்தது கணினியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் தீநிரல். இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள். செய்முறைக் கோப்பு இருபது முப்பது வரி உரைதான். எங்கிருந்து இறக்குகிறது, நிறுவும்போது என்ன ஓட்டுகிறது என்ற இரண்டு இடங்களையாவது படிக்கப் பழகிய பிறகே ஏயுஆரைத் தொடுங்கள்.

அதிகாரபூர்வ களஞ்சியத்திலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 மார்ச் 29-ல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் பின்வாசல் (ரகசிய நுழைவழி) விவகாரத்தில், பாதிக்கப்பட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகள் ஆர்ச்சிலும் இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச், ஆர்ச்சில் அந்த நூலகத்தோடு நேரடியாக இணையாததால், தெரியவந்த தாக்குதல் வழி அங்கே பலிக்கவில்லை. புதியது சீக்கிரம் வரும் இடத்தில் கெட்டதும் சீக்கிரம் வரலாம், திருத்தமும் சீக்கிரம் வரும்.

உள்ளே நுழைந்து சரிசெய்யும் வழி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கணினி எழவில்லை என்றால் பெரும்பாலும் தரவு எதுவும் போயிருக்காது. நிறுவப் பயன்படுத்திய அதே பென்டிரைவில் கணினியை எழுப்பி, டிஸ்க்கில் உள்ள பார்ட்டிஷன்களை ஏற்றி, "இனி என் கட்டளைகள் அந்த அமைப்புக்குள் ஓடட்டும்" என்று சொல்ல முடியும். சிஹெச்ரூட் என்பது இதுதான். பூட்டிய வீட்டுக்குள் பின்கதவு வழியாக நுழைவது போல. உள்ளே போன பிறகு நெட்வொர்க் மென்பொருளை நிறுவலாம், கிரப்பை மறுபடி எழுதலாம், தவறான டிரைவரை நீக்கலாம். மேலே சொன்ன கிரப் கோளாறும், வைஃபை இல்லாத முதல்நாள் சிக்கலும் இந்த வழியில் பத்து நிமிடத்தில் தீரக்கூடியவை.

இதை அவசர நேரத்தில் கற்க முடியாது. எனவே ஒத்திகை தேவை:

1. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் இஎஃப்ஐ வசதியை இயக்கி ஒரு மெய்நிகர் கணினி உருவாக்குங்கள். அடிப்படை ஆர்ச்சுக்கு 2 ஜிபிக்கும் குறைவான இடமே பிடிக்கும். டெஸ்க்டாப்போடு பார்க்க 20 ஜிபி ஒதுக்கினால் தாராளம்.

2. விக்கியின் நிறுவல் வழிகாட்டியைப் பார்த்து, கையால் ஒருமுறை நிறுவுங்கள். ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

3. பிறகு வேண்டுமென்றே கெடுங்கள். பூட்லோடர் கோப்புகளை அழியுங்கள், அல்லது பார்ட்டிஷன் பட்டியல் கோப்பில் ஒரு எழுத்தை மாற்றுங்கள். எழாது. இப்போது சிஹெச்ரூட் வழியாகச் சரிசெய்யுங்கள்.

இதை முடித்தவர் தன் சொந்தக் கணினியில், 2021 ஏப்ரலிலிருந்து நிறுவல் படிமத்தோடு வரும் ஆர்ச்இன்ஸ்டால் என்ற தானியங்கிக் கருவியைப் பயன்படுத்தலாம். அதைக் குறுக்குவழி என்று சிலர் குறைவாகப் பேசுவதில் நியாயமில்லை. அது கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் தெரிந்து பதில் சொல்ல முடிந்தால், கையால் தட்டச்சு செய்வதில் கூடுதல் புண்ணியம் ஒன்றுமில்லை. ஒத்திகைக்கே நேரமில்லை, வேலைக்கு இருப்பதும் ஒரே கணினி என்றால் மின்ட் அல்லது டெபியன் போடுங்கள், அவையும் முழுமையான லினக்ஸ்தான்.

பேக்கப்பும் ஸ்னாப்ஷாட்டும் வேறு வேறு

பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் ஒரு நொடியில் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். அப்டேட் கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் இரண்டு எல்லைகள் உண்டு. அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும். இன்னொன்று அதிகம் பேசப்படாதது: கெர்னல் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருந்தால், அந்தப் பகுதி ஸ்னாப்ஷாட்டில் அடங்காது. பழைய நிலைக்குத் திரும்பும்போது கெர்னல் மட்டும் புதியதாகவே இருக்கும், அதற்கான மாட்யூல்கள் (கெர்னலின் துணைக் கோப்புகள்) பழையதாகிவிடும், கணினி எழாமல் நிற்கலாம். ஸ்னாப்ஷாட்டை நம்பப்போகிறவர் கெர்னலை எங்கே வைக்கிறோம் என்பதை நிறுவும் அன்றே முடிவு செய்ய வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கெர்னலைக் கூடவே நிறுவிவைப்பது எளிய காப்பு. புதியது எழாவிட்டால் மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கெர்னல் அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நிற்கும். மின்தடை வரும் ஊரில், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் வைத்திருப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கெர்னல் அப்டேட் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்வதும் அவசியம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலின் மாட்யூல்கள் டிஸ்க்கிலிருந்து அதற்குள் நீங்கியிருக்கும் என்பதால், அப்போது செருகும் புதிய பென்டிரைவ் தெரியாமல் போகலாம்.

மாறும் நாள்

டெஸ்க்டாப்பாக இருந்தாலோ, லேப்டாப்பில் டிஸ்க்கைக் கழற்ற முடிந்தாலோ, ஒரு சிறிய எஸ்எஸ்டி தனியாக வாங்கி அதில் ஆர்ச்சைப் போடுவதே சிறந்த வழி. நிறுவும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவைத்துவிட்டால், தவறான டிஸ்க்கை அழிக்கும் பேச்சே இல்லை. படிமத்தை ஆர்ச் தளத்திலிருந்தே இறக்கி, அதன் சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். விக்கியைப் படிக்க ஃபோன் பக்கத்தில் இருக்கட்டும். பென்டிரைவை நிறுவி முடித்ததும் அழிக்காமல், மேஜை இழுப்பறையில் பெயர் எழுதி வையுங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். பிரின்டர், ஸ்கேனர், வங்கி வேலை, வரித்தாக்கல், வீடியோ அழைப்பு என வழக்கமான வேலைகள் ஒரு சுற்று ஆர்ச்சிலேயே நடந்து முடியட்டும். அந்தச் சுற்றில் எதற்காகவும் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டத் தேவைப்படவில்லை என்றால், அதைச் சுத்தமாக அழித்து பேக்கப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.